முன்பள்ளிச் சுவரில் பனிமனிதன்: எங்கள் பிள்ளைகளுக்குப் பருவகாலத்தை எங்கிருந்து தொடங்குவது?

செம்மண் ரீச்சர்

யாழ்ப்பாணத்தில், கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன். வகுப்புச் சுவரில் பருவகாலப் படம் ஒன்று தொங்குகிறது. கடையில் எல்லோரும் வாங்குகிற அதே படம்தான், நான்கு கட்டம்: பூத்த மரம், கடற்கரைக் குடை, சிவந்து உதிரும் இலை, தொப்பி போட்ட பனிமனிதன். பிள்ளைகள் நான்கு பெயரையும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். "இப்ப என்ன காலம்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், ஏனென்றால் யன்னலுக்கு வெளியே அவர்கள் பார்க்கிற எதுவும் அந்தக் கட்டங்களுக்குள் இல்லை. ஒரு பிள்ளை, எங்கள் மாமரம் எப்போது சிவப்பாகும் என்று கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அதைக் கழற்றிவிட்டு எங்கள் ஊரின் ஆண்டைச் சுவரில் போட விரும்புகிறேன். மழை தொடங்க இன்னும் சில கிழமைகள்தான். இப்போதே தொடங்கினால் காய்ந்த நிலத்தையும் பார்ப்பார்கள், நனைந்த நிலத்தையும் பார்ப்பார்கள். பாட்டும் நிறம் தீட்டும் தாளும் வேண்டாம், அவை நிறையவே கிடக்கின்றன. ஒரு சின்னப்பிள்ளை கண்ணால் கண்டு, கையால் தொட்டு, "காலம் மாறிவிட்டது" என்று தானாகச் சொல்லக்கூடிய அடையாளங்கள்தான் வேண்டும். எந்த மாதத்தில் என்ன வருகிறது, என்ன போகிறது? வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம், எல்லாப் பக்கத்தாரும் எழுதுங்கள்.

வடமராட்சிக் காற்று

காற்றில் இருந்து தொடங்குங்கள் ரீச்சர். எங்கள் கரையில் காலத்தைக் காற்றை வைத்துத்தான் சொல்வார்கள். வைகாசியில் இருந்து புரட்டாசி வரை சோளகம், தென்மேற்கில் இருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் அது விட்டுப் போய் வடகிழக்கில் இருந்து வாடை பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நாட்கள் காற்றே இல்லாமல் புழுங்கி, பின்னேரத்தில் இடியும் மின்னலுமாகக் கொட்டும், அதுதான் மாறுகிற நேரம். கிழக்கில் இருந்து வருகிற கொண்டலையும் மேற்கில் இருந்து வருகிற கச்சானையும் இந்த வயதுக்கு விட்டுவிடலாம், இரண்டு காற்று போதும்.

வளவில் மரம் மறைக்காத இடத்தில் உயரமாக ஒரு தடி நட்டு நுனியில் நீளமான துணி கட்டுங்கள். துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் நிலத்தில் பிள்ளைகள் ஒரு கல் வைக்கட்டும். இப்போது கல்லெல்லாம் வடகிழக்குப் பக்கத்தில் சேரும். மார்கழியில் பார்த்தால் எதிர்ப்பக்கத்தில் சேர்ந்திருக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகக் காலமாற்றத்தைக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, விளக்கமே தேவையில்லை.

அப்புறம் பட்டம். வாடை சீராக வீசுகிற மார்கழி, தையில்தான் எங்கள் பெடியள் பட்டம் ஏற்றுவார்கள், காற்றில் ஒலிக்கிற விண் கட்டிய பட்டம் இரவிரவாகக் கூவும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதே வாடையில்தான் வடக்குக் கரையில் கடல் எழும்பும், வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்துவிடுவார்கள். கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளையிடம் மாரி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், "அப்பா வீட்டில் நிற்கிற காலம்" என்று சொல்லும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

படத்தைக் கழற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். என் மகன் யூரியூப்பில் பார்க்கிற கார்ட்டூன் எல்லாவற்றிலும் பனி கொட்டுகிறது, ஆங்கிலப் பாலர் புத்தகங்களிலும் அந்த நான்கு காலம்தான். நாளைக்கு அது தெரியாமல் மற்றப் பிள்ளைகளோடு நின்றால் அவன்தான் கூச்சப்படுவான். எங்கள் குடும்பத்திலேயே பாதிப்பேர் வெளிநாட்டில். ஊர்க் காலத்தை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, மழையில் நனைந்தால் தானாகத் தெரிந்துவிடும் அல்லவா?

செம்மண் ரீச்சர்

நனைவது வேறு, கவனிப்பது வேறு அக்கா. மழையில் நனைகிற எல்லாப் பிள்ளைக்கும் அந்த மழை ஆண்டுதோறும் அதே மாதங்களில் அதே காற்றோடு வருகிறது என்பது தெரியாது. அந்த ஒழுங்கைக் காட்டுவதுதான் எங்கள் வேலை. அதைத் தன் வளவில் ஒருமுறை கண்ட பிள்ளை, கனடாவின் ஒழுங்கைக் கேட்டவுடன் விளங்கிக்கொள்ளும். மாறிச் செய்தால் நாலு பெயர் மட்டும் மிஞ்சும். படத்தைத் தூக்கி எறியப் போவதில்லை, அலுமாரிக்குள் வைக்கிறேன்.

ஸ்காபரோவில் ஒரு கரவெட்டிக்காரி

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே ரொறன்ரோவில் என் மகளுக்கு அந்த நான்கு கட்டமும் உண்மை, ஏனென்றால் வாசல் மேப்பிள் மரம் ஒக்டோபரில் சிவக்கிறது, அவள் அந்த இலையைப் பொறுக்கிப் பாடசாலைக்குக் கொண்டு போகிறாள். இங்குள்ள ஆசிரியர்கள் வெளியே போய்ப் பொறுக்கச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள், படம் பிறகுதான் வருகிறது. நீங்களும் அதைத்தானே செய்யப் போகிறீர்கள், அதனால் ரீச்சர் பக்கம்தான் நான்.

இங்கே பிள்ளைகளுக்கு முதலில் பிடிபடுவது குளிர்கூட இல்லை, வெளிச்சம். ஜூன் கடைசியில் பகல் பதினைந்தரை மணித்தியாலம் கிட்ட வரும், இரவு ஒன்பது மணிக்கும் வெளியே விளையாடலாம். டிசம்பரில் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு, ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். யாழ்ப்பாணத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம், அதைச் சின்னப்பிள்ளை உணர வழியில்லை. எனவே இங்குள்ள அடையாளத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஒட்டாது.

ஒரு யோசனை: எங்கள் வீட்டில் அம்மம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போது இருவரும் கமராவை யன்னலுக்குத் திருப்புவார்கள். மகள் பனியைக் காட்டுவாள், அம்மா வெள்ளம் நிற்கிற வளவைக் காட்டுவார். உங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு இங்கே மச்சான், மச்சாள்மார் இருப்பார்கள். மாதம் ஒருமுறை யன்னலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேலே அக்கா கேட்ட பனிமனிதனும் அப்போது வந்து சேருவான், சொந்தக்காரரின் வளவில் நிற்கிற உண்மையான பனிமனிதனாக.

பெரும்பொழுது

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லோரும் நான்கா இரண்டா என்று பேசுகிறீர்கள், எங்களுடையவை ஆறு. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். இரண்டு இரண்டு மாதமாக, பிள்ளைகள் மனதில் வைக்க எளிது. வெளிநாட்டுப் படத்தைக் கழற்றுகிறீர்கள் என்றால் அந்த இடத்தில் இதை வையுங்கள். பிள்ளைப் பருவத்தில் காதில் விழுந்தது கடைசிவரை நிற்கும்.

புத்தூர்த் தோட்டக்காரன்

ஐயா, மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். ஆவணி, புரட்டாசியைக் கார்காலம் என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு எங்கள் தோட்டத்துக்குக் கூட்டிவந்தால் என்ன பார்ப்பார்கள்? புழுதி. கிணற்றில் தண்ணீர் ஆண்டிலேயே கீழே நிற்பது அப்போதுதான். புரட்டாசிக் கடைசியில் இடியோடு இரண்டொரு மழை விழலாம், உண்மையான மாரி ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் உச்சத்துக்குப் போய் மார்கழியில் தணியும். எங்கள் ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான். முன்பனி பொருந்தும், தை விடியலில் புல்லில் கால் வைத்தால் தெரியும். இளவேனிலும் பொருந்தும், சித்திரையில் வேம்பு பூத்து வளவு முழுக்க மணக்கும். கார் மட்டும் பொருந்தாது, பொருந்தாததைச் சின்ன வயதில் பாடமாக்க வைத்தால் பனிமனிதனை வைத்தது மாதிரித்தான் போய் முடியும்.

ரீச்சர், நீங்கள் கேட்ட அடையாளங்களுக்கு வருகிறேன். எனக்கு முதலாவது கிணறு. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, வழுக்கையாறுகூட மாரியில் மட்டும்தான் ஓடும். நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும், மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிச் சேர்ந்த தண்ணீர். அந்த நல்ல தண்ணீர் கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல், எண்ணெய் தண்ணீரில் மிதப்பது போல மிதந்துகொண்டு நிற்கிறது, அதனால்தான் கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் சில கிணறுகள் உவர்த்துப் போகும். இந்தக் கதை முழுதும் நாலு வயதுக்கு வேண்டாம். ஆனால் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டலாம். ஒரு பெரியவர் கயிற்றைக் கிணற்றுக் கட்டில் இருந்து தண்ணீர் தொடும்வரை இறக்கட்டும். அந்த நீளத்துக்கு ஒரு ரிபனை வெட்டிச் சுவரில் தொங்கவிடுங்கள், மாதத்துக்கு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். இப்போது வெட்டுவது நீளமாக இருக்கும். மார்கழி ரிபன் குட்டையாகிவிடும். பிறகு தையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீளும். ஓர் ஆண்டு முடியும்போது மழை எப்போது வந்தது, எப்போது தீர்ந்தது என்பது சுவரில் தொங்கும், எழுத்துத் தெரியாத பிள்ளையும் வாசிக்கும். பிள்ளைகளைக் கிணற்றடிக்குத் தனியே விடக்கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். கயிறு இறக்குவது பெரியவர் மட்டும், பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் ஊர் நிலாவரைக் கிணற்றைப் பார்க்க வருபவர்களும் அப்படியே.

இரண்டாவது பனை. ஒரே மரத்தில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. வைகாசி, ஆனியில் நுங்கு. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் தொப்புத் தொப்பென்று விழும், இப்போது போனால் பொறுக்கலாம், பனங்காய்ப் பணியாரம் சுட்டுக் கொடுத்தால் அந்த மாதத்தை எந்தப் பிள்ளையும் மறக்காது. மழைக்கு முன் விதையைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டு மூடுங்கள். தையில் கிண்டினால் பனங்கிழங்கு. அவித்துத் தின்னலாம், பிளந்து காயவைத்து ஒடியல் ஆக்குவது அதன் பிறகு வருகிற வெயிலின் வேலை. அந்த ஒடியல்மாவில்தான் கூழ் காய்ச்சுகிறோம். பிள்ளை தன் கையால் புதைத்த விதையைத் தன் கையால் கிண்டி எடுக்கட்டும். மூன்று, நான்கு மாதம் எவ்வளவு நீளம் என்பதை அந்தக் காத்திருப்பு சொல்லிக்கொடுக்கும். முன்பள்ளி வளவில் ஒரு சின்னப் பாத்தி போட இடம் இருக்கும் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் சொல்லுங்கள், என் தோட்டத்தில் ஒரு மூலை தருகிறேன்.

நெல்லைப் பற்றிச் சுருக்கமாக: எங்கள் பக்கத்தில் மழையை நம்பி ஒரே போகம்தான், காலபோகம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, தை, மாசியில் அரிவு வெட்டு. மாரி முடியப் புகையிலையும் வெங்காயமும். மாம்பழம், குறிப்பாகக் கறுத்தக்கொழும்பான், வைகாசி, ஆனி.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. எங்கள் மாமரம் சிவந்து உதிராது, ஆனால் புதுக் குருத்து விடும்போது செம்பு நிறமாக இருக்கும், அதைக் காட்டுங்கள். இலை உதிர்வதைப் பார்க்க வேம்புக்குப் போங்கள். மாசியில் மஞ்சளாகிக் கொட்டும், பங்குனியில் இளஞ்சிவப்பாகத் துளிர்க்கும். எங்களுக்கும் இலையுதிர்வு உண்டு, அது குளிருக்காக அல்ல, வறட்சிக்காக.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

வேம்பு விசயம் எனக்குப் புதிது. மாசி, பங்குனியில் முற்றம் கூட்டிக் கூட்டி அலுத்துப் போவேன், அதைப் பிள்ளைக்குக் காட்டலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ரிபன் யோசனையை வீட்டிலும் செய்யப் போகிறோம், அவனுடைய அப்பா கயிறு இறக்குவார்.

நிழல் பார்க்கிறவன்

ரீச்சர், பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். பூமியின் அச்சு ஏறக்குறைய 23.5 பாகை சாய்ந்திருக்கிறது, அதனால்தான் பருவங்கள் என்பது பத்து வயதுக்கு மேல் சொல்ல வேண்டியது. அதற்கு முன் "சூரியன் கிட்ட வந்தால் வெயில், தூரப் போனால் குளிர்" என்று வசதிக்காகச் சொல்லிவிடாதீர்கள். பெரியவர்களே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி முதல் கிழமையில், அப்போது ஏறக்குறைய 147 மில்லியன் கிலோமீற்றர். ஜூலை தொடக்கத்தில் 152 மில்லியன். நாங்கள் போர்வை தேடுகிற மார்கழியில்தான் சூரியன் கிட்ட நிற்கிறது. சின்ன வயதில் பிழையாகப் பதிந்ததைப் பிறகு பிடுங்குவது கடினம், நான் உயர்தர மாணவர்களுக்குப் படிப்பிக்கும்போது தினமும் பார்க்கிறேன்.

காரணம் சொல்லாமலே சூரியன் நகர்வதைக் காட்டலாம், அதுவும் எங்கள் ஊரில் ரொறன்ரோவில் காண முடியாத ஒன்றை. ஒரு மீற்றர்த் தடியை நேராக நடுங்கள். யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய பன்னிரண்டு பத்துக்கு. அந்த நேரத்தில் டிசம்பர் 21 அளவில் நிழல் வடக்கே 65 சென்ரிமீற்றர் விழும். ஏப்ரல் 15ஐ ஒட்டிப் பார்த்தால் நிழலே இராது, சூரியன் நேர் தலைக்கு மேல். ஜூன் 21 அளவில் நிழல் தெற்குப் பக்கம் போய்விடும், 25 சென்ரிமீற்றர். ஓகஸ்ட் 28 அளவில் மறுபடியும் நிழல் மறையும். இப்போது, செப்டெம்பர் கடைசிக் கிழமையில், வடக்கே ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். ஆண்டில் இரண்டு முறை நிழல் மறைவதும், பக்கம் மாறி விழுவதும் அயன மண்டலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைப்பவை. சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாள் உச்சியில் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தித் தங்கள் நிழலைத் தேடச் சொல்லிப் பாருங்கள்.

வடமராட்சி அண்ணை சொன்ன காற்றுக்கு ஒரு வரி சேர்க்கிறேன். வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. நான்கு என்ற எண் வேண்டுமென்றால் இந்த நான்கும் இருக்கின்றன. தென்மேல் காற்று மலைநாட்டில் மோதி இரத்தினபுரியில் வெள்ளம் வைத்துவிட்டு எங்களிடம் வரும்போது காய்ந்து போகிறது, அதுதான் உங்கள் சோளகம். எனவே "மே மாதம் மழைக்காலம்" என்று ஒரு புத்தகத்தில் இருந்தால் அது தெற்குப் பிள்ளைக்குச் சரி, எங்கள் பிள்ளைக்குப் பிழை.

தீவகத்தாள்

நெடுந்தீவில் பிறந்தவள், இப்போது ரவுணில் இருக்கிறேன். காற்று எழும்பினால் குறிகட்டுவான் துறைக்குப் படகு ஓடாது, அதுதான் எங்களுக்கு முதல் அடையாளம். மரக்கறி வராது, ரீச்சர்மார் வரமாட்டார்கள். இரண்டாவது தண்ணீர். மாரியில் நல்ல தண்ணீர் தந்த கிணறு கோடையில் வாயில் வைக்க முடியாத உவர். ரிபனோடு சேர்த்துச் சுவை என்று ஒன்றும் வைக்கலாம், எங்கள் தீவுப் பிள்ளைகள் நாக்காலேயே மாதத்தைச் சொல்வார்கள். மூன்றாவது புல். தைக்குப் பிறகு திடல் முழுக்கப் பச்சை, குதிரைகள் கொழுத்து நிற்கும். ஆவணியில் வெறும் கல்லும் தூசியும், அவை தண்ணீரைத் தேடி அலையும். நெடுந்தீவில் முன்பள்ளி நடத்துபவர் யாராவது இதைப் படித்தால் கோப்பாயில் செய்வதை அப்படியே செய்ய வேண்டாம், உங்களுக்கு வேறு ஆண்டு இருக்கிறது.

குருவிக்காரன்

பறவைகளை ஒருவரும் சொல்லவில்லையே. ஐப்பசியை ஒட்டி ஆறுமணிக்குருவி இந்தியாவில் இருந்து வரும். விடியலிலும் பின்னேரத்திலும் வேலியோரப் பற்றைக்குள் இருந்து கூப்பிடும், சித்திரைக்குள் திரும்பிவிடும். களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கும் சில வேளை, பிள்ளைகள் கையில் எடுக்காமல் நிழலில் விடச் சொல்லுங்கள், தேறிப் பறந்துவிடும். மாரி மாதங்களில் சுண்டிக்குளம் பக்கம் போனால் பூநாரை கூட்டமாக நிற்கும்.

நிலத்தைப் பார்க்கவும் மறக்க வேண்டாம். முதல் மழைக்கு மறுநாள் சிவப்பு வெல்வெட் மாதிரித் தம்பளப்பூச்சி செம்மண்ணில் ஊரும், தவளை கத்தத் தொடங்கும், ஈசல் விளக்கைச் சுற்றும். கார்த்திகைப் பூ வேலியில் ஏறிப் பூப்பதும் அப்போதுதான், பார்க்கலாம், ஆனால் அந்தக் கொடியும் கிழங்கும் கடும் நஞ்சு, பிள்ளைகள் தொட்டுவிட்டு வாயில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பயந்த பிள்ளையின் தாய்

எல்லோரும் மழையை ஆசையாக எழுதுகிறீர்கள். எங்கள் வீடு தாழ்ந்த பகுதியில். 2008இல் நிசா புயலின்போது நான் பட்டதை மறக்க முடியாது, 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது என் மகள் கைப்பிள்ளை, எனக்கு அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்ற யோசனைதான். இப்போது இடி இடித்தால் அவள் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். மழைக்காலத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது இப்படி வீட்டில் இருந்து வருகிற பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண் ரீச்சர்

இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் வகுப்பிலும் அப்படி இருவர் இருக்கிறார்கள். பயப்படாதே என்று சொல்வதால் பயம் போகாது, செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் கொஞ்சம் விலகும் என்பது என் அனுபவம். மின்னலைக் கண்டதும் எண்ணச் சொல்வேன். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர், ஒன்பது வரை எண்ணிய பிறகு இடி கேட்டால் மூன்று கிலோமீற்றர் தள்ளி. எண்ணிக்கை கூடிக்கொண்டு போனால் அது தங்களிடம் இருந்து விலகிப் போகிறது என்று எண்ணியே கண்டுபிடிப்பார்கள். எண்ணுவது வீட்டுக்குள் இருந்துதான். மழை விட்டதும் இன்னொரு வேலை, வளவில் சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர் எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைப் பெரியவரோடு சேர்ந்து ஊற்றிக் கவிழ்ப்பது. எங்கள் மாவட்டத்தில் டெங்கு கூடுவது மாரியோடும் அதற்குப் பிறகும்தான், அதுவும் பருவகாலப் பாடம். உங்கள் மகளை அனுப்புகிற முன்பள்ளியிலும் இதைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளம் வந்தால் யார் வீட்டுக்குப் போவது, எந்தப் பையை எடுப்பது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் கட்டிலுக்குக் கீழே போவது குறையும் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களுக்கும்: எல்லாவற்றையும் செய்யப் போவதில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு நேற்று, நாளை தெரியும், போன மாசி தெரியாது. எனவே ஆண்டைச் சுவரில் சேமித்து வைக்க வேண்டும், அதற்கு உதவுவதை மட்டும் எடுக்கிறேன். துணிக் கம்பம், ரிபன், பனம்பாத்தி, ஒரே வேம்பை ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று எடுக்கிற படம். நிழல் தடி எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது, ஆனால் பதினொன்றரைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், பன்னிரண்டு பத்துக்கு யாரும் இல்லை. அதற்கு என்ன செய்யலாம்?

பெரும்பொழுது

தோட்டக்காரத் தம்பி சொன்ன கார்காலக் கணக்கை ஏற்கிறேன், எங்கள் நிலத்துக்கு இரண்டு மாதம் தள்ளித்தான் வருகிறது. அதற்காக ஆறையும் ஒதுக்கிவிடச் சம்மதமில்லை. முன்பள்ளியில் வேண்டாம், சரி. ஆனால் இந்தப் பிள்ளைகள் மூன்றாம், நான்காம் தரத்துக்கு வரும்போது அந்த ரிபன்களுக்கு மேலே ஆறு பெயரையும் எழுதி, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று அவர்களையே பார்க்கச் சொல்ல வேண்டும். பொருந்தாததையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அந்த ரிபன்களை எறியாமல் வைத்திருங்கள் ரீச்சர்.

வடமராட்சிக் காற்று

ஒரு கேள்வி: சுவரில் எந்த மாதத்தில் தொடங்குவீர்கள்? தையா, சித்திரையா? என் மனைவி சித்திரை என்கிறாள், அம்மா தை என்கிறார்.

செம்மண் ரீச்சர்

வட்டமாகச் செய்கிறோம் அண்ணை, பன்னிரண்டு துண்டு. எந்த மாதம் நடக்கிறதோ அது மேலே வரும்படி திருப்பலாம். அதனால் புரட்டாசியில் தொடங்குகிறோம். பொங்கல், ஆடிக்கூழ், நல்லூர்க் கொடி, விளக்கீடு எல்லாம் அதில் சிறு படமாக வரும். வேதக்காரப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள், நத்தாரும் மாரிக்குள் வந்துவிடும். நோன்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு நகரும், அதற்கு ஒட்டாமல் நகர்த்தக்கூடிய ஒரு பிறை வெட்டி வைத்திருக்கிறேன்.

நிழல் பார்க்கிறவன்

பன்னிரண்டு பத்து கட்டாயமில்லை ரீச்சர். பதினொன்று பத்துக்குப் பாருங்கள், ஆனால் ஆண்டு முழுவதும் அதே நேரம். அப்போது நிழல் டிசம்பரில் வடமேற்குப் பக்கம், ஏப்ரல் நடுவில் நேர் மேற்கே, ஜூனில் தென்மேற்கே விழும். நிழல் மறைவதைக் காட்ட முடியாது, அதை ஏப்ரலில் வீட்டில் பார்க்கும்படி பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். நுனி விழுகிற இடத்தில் சிமெந்துத் தரையில் வண்ணப் புள்ளி, பக்கத்தில் மாதப் பெயர். மண் தரை என்றால் கொட்டன் அடியுங்கள், மாரி வெள்ளம் அள்ளிக்கொண்டு போகாத அளவுக்கு ஆழமாக. தடி சரிந்தால் எல்லாக் கணக்கும் பிழைக்கும், நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். டிசம்பரில் நிழல் நீளும் என்பதால் தடிக்கு வடக்கே ஒரு மீற்றராவது வெறுமையாக இருக்க வேண்டும், வேம்புக்குக் கிட்ட நட வேண்டாம்.

புத்தூர்த் தோட்டக்காரன்

பனங்கொட்டை இருபத்தைந்து, முப்பது எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் கொண்டுவரலாமா? மழைக்கு முன் பாத்தி போட்டுவிட வேண்டும்.

செம்மண் ரீச்சர்

வாருங்கள் அண்ணை. தாய் தகப்பன்மாரையும் வரச் சொல்கிறேன், மண்வெட்டி இரண்டு இருக்கிறது, இன்னும் ஒன்று இருந்தால் நல்லது.